மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் தடுப்பு மாத்திரை: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தது, கீமோ முடிந்தது, கரண்ட்டும் (கதிர்வீச்சு) வைத்தாயிற்று. இனி செக்கப் மட்டும்தான் என்று நினைக்கிற நேரத்தில் டாக்டர் ஒரு சின்ன மாத்திரையை எழுதி, "இதை தினம் ஒண்ணு, அஞ்சு வருஷம் போடுங்கம்மா" என்பார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். எதற்கு இந்த மாத்திரை, என்ன செய்யும், எதைக் கவனிக்க வேண்டும் என்ற கேள்வியெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகுதான் முளைக்கும்.

நானும் இந்த வகையில் ஒன்றான லெட்ரோசோல் போடுகிறவள்தான். டாக்டர் இல்லை. விழுங்குவது ஒரு நொடி வேலை, வருடக்கணக்கில் விடாமல் விழுங்குவதுதான் கஷ்டம். பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் உடம்பு வலி தாங்காமல் விடுகிறார்கள், அதையும் டாக்டரிடம் சொல்லாமலே விடுகிறார்கள். சொன்னால் செய்வதற்கு நிறைய வழி இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் மூட்டுக்கும் எலும்புக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஃபைலைத் திறந்து பாருங்கள்

பயாப்ஸி ரிப்போர்ட்டில், அல்லது ஆபரேஷனுக்குப் பின் வந்த ரிப்போர்ட்டில், ஈஆர், பிஆர், ஹெர்2 என்று மூன்று வரி இருக்கும். ஈஆர் என்பது செல்லில் ஈஸ்ட்ரோஜென் போய் ஒட்டுகிற இடம் (ஏற்பி), பிஆர் என்பது புரோஜெஸ்டிரோன் ஒட்டுகிற இடம், ஹெர்2 என்பது செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். ஈஆர் பாசிட்டிவ் என்றால், அந்தப் புற்று செல்கள் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளரக்கூடியவை. மார்பகப் புற்றுநோயில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ஈஆர், பிஆர் இரண்டும் நெகட்டிவ் என்றால் இந்த மாத்திரையால் பயனில்லை. ரிப்போர்ட்டில் அப்படி இருந்தும் மாத்திரை எழுதியிருந்தால், ஏன் என்று கட்டாயம் கேளுங்கள். ஹெர்2 பாசிட்டிவ் என்றால் அதற்கு வேறு ஊசி உண்டு, அது தனிக் கதை.

"எனக்குத்தான் தீட்டு நின்று பல வருஷமாச்சே, இன்னும் எங்கே ஹார்மோன்?" என்று கேட்பவர்கள் அதிகம். சரியான கேள்விதான். சினைப்பை ஓய்ந்துவிட்டது, உண்மை. ஆனால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி, ஆண்களுக்குரிய ஹார்மோன்களைக் கொஞ்சம் சுரந்துகொண்டே இருக்கிறது. உடம்பின் கொழுப்பிலும் தசையிலும் உள்ள அரோமடேஸ் என்ற நொதி அதை ஈஸ்ட்ரோஜெனாக மாற்றிவிடும். அளவு சின்னதுதான். ஆனால் எங்கேயாவது ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு புற்று செல்களுக்கு அது போதும். அந்த நொதியை வேலை செய்யவிடாமல் நிறுத்துவதுதான் இந்த மாத்திரையின் வேலை. அதனால்தான் இதற்கு அரோமடேஸ் தடுப்பான் என்று பெயர்.

ஆக, இது ஹார்மோன் கொடுக்கிற மாத்திரை இல்லை, தடுக்கிற மாத்திரை. மாதவிடாய் நின்ற தொந்தரவுகளுக்குச் சில மகப்பேறு டாக்டர்கள் எழுதும் ஹார்மோன் மாத்திரை இதற்கு நேர் எதிர். வீட்டில் எல்லோரும் இரண்டையும் "ஹார்மோன் மாத்திரை" என்றுதான் சொல்வார்கள். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாதவிடாய் உண்மையிலேயே நின்றுவிட்டதா?

இந்த மாத்திரை மாதவிடாய் முழுதாக நின்றவர்களுக்கு மட்டும். சினைப்பை இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால் இதைத் தனியாகப் போட்டுப் பிரயோஜனமில்லை. அதைவிட மோசம், மூளை "ஈஸ்ட்ரோஜென் குறைகிறது" என்று புரிந்துகொண்டு சினைப்பையை இன்னும் விரட்டும்.

60 வயது தாண்டியவர்களுக்கும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கும் சந்தேகமே இல்லை. சிக்கல் 40களின் பிற்பகுதியிலும் 50களின் தொடக்கத்திலும் இருப்பவர்களுக்கு. கீமோவில் மாதவிலக்கு நின்றுபோவது சகஜம், அது மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வருவதும் சகஜம். கர்ப்பப்பையை மட்டும் எடுத்து சினைப்பையை விட்டுவைத்திருந்தால் தீட்டு வராது, ஆனால் ஹார்மோன் வரும். நம் ஊரில் 35, 40 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்த பெண்கள் நிறைய. "ஆபரேஷன் ஆயிடுச்சு" என்று மட்டும் சொல்லாமல், எதை எடுத்தார்கள் என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் எஃப்எஸ்எச், ஈஸ்ட்ரடையால் என்ற ரத்தப் பரிசோதனைகளை எழுதுவார்கள். தேவைப்பட்டால் சினைப்பையை ஓயவைக்கும் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள்.

மாத்திரை தொடங்கியபின் சொட்டு ரத்தம் பட்டால்கூட அன்றே போன் செய்யுங்கள். "பழைய தீட்டுதானே" என்று விடக் கூடாது.

எந்த மாத்திரை உங்களுடையது

மூன்றே மூன்றுதான். லெட்ரோசோல் 2.5 எம்ஜி, அனஸ்ட்ரோசோல் 1 எம்ஜி, எக்ஸமெஸ்டேன் 25 எம்ஜி. மூன்றும் தினம் ஒன்று. எக்ஸமெஸ்டேனை மட்டும் கட்டாயம் சாப்பிட்டபின் போட வேண்டும், வெறும் வயிற்றில் உடம்பில் சரியாகச் சேராது. மற்ற இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் போடலாம். வேலை செய்யும் திறனில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வேறு பெயர் எழுதியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

டமாக்சிஃபென் என்பது வேறு வகை. அது ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்காது, ஹார்மோன் போய் செல்லில் ஒட்டுகிற இடத்தை அடைத்துக்கொள்ளும். மாதவிடாய் நிற்காதவர்களுக்கும் அதைக் கொடுக்கலாம். சிலருக்கு இரண்டு மூன்று வருடம் டமாக்சிஃபென் கொடுத்துவிட்டு அப்புறம் இந்த வகைக்கு மாற்றுவார்கள். மாற்றிய பிறகு பழைய அட்டையில் மிச்சம் இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். டமாக்சிஃபென்னோடு சேர்ந்தால் ரத்தத்தில் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் அளவு குறைந்துவிடும்.

இரண்டு வகையையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளின் தரவை, 30,000க்கும் மேற்பட்ட பெண்களுடையதை, 2015இல் ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டார்கள். மாதவிடாய் நின்றவர்கள் ஐந்து வருடம் டமாக்சிஃபென் போட்டபோது பத்து வருடத்துக்குள் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 100க்கு 14 பேர், அரோமடேஸ் தடுப்பான் போட்டபோது 12 பேர். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் டமாக்சிஃபென்னே எதுவும் போடாததைவிட எவ்வளவோ மேல். அதற்கும் மேலே கிடைக்கிற லாபம் இது.

மருந்துக்கடையில் கவனிக்க வேண்டியவை

பிராண்ட் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள், மருந்தின் பெயரைச் செய்யுங்கள். பெமாரா என்று எழுதியிருந்தாலும் வேறு கம்பெனிப் பெயர் எழுதியிருந்தாலும் உள்ளே லெட்ரோசோல்தான். அரிமிடெக்ஸ் என்றால் அனஸ்ட்ரோசோல், அரோமாசின் என்றால் எக்ஸமெஸ்டேன். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். வயிற்றுக்குக் கொடுக்கும் பான்டோபிரசோல், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளூகோனசோல் எல்லாம் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். போனில் சொல்லி வரவழைப்பதைவிடச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவது நல்லது.

இன்னொரு கூத்தும் நடக்கும். லெட்ரோசோலைக் குழந்தையில்லாதவர்களுக்குக் கருமுட்டை வளரவும் கொடுக்கிறார்கள். இந்தியாவில் 2011இல் அந்தப் பயன்பாட்டைத் தடை செய்து, 2017இல் தடையை நீக்கினார்கள். அந்தச் சிகிச்சைக்கு மாதத்தில் ஐந்து நாள்தான் மாத்திரை. அதனால் கடைப்பையன் ஐந்து மாத்திரையை வெட்டிக் கொடுத்துவிட்டு, "யாருக்கும்மா, பொண்ணுக்கா?" என்று கேட்கலாம். இணையத்தில் தேடினாலும் கருத்தரிப்புச் சமாச்சாரமாகத்தான் வந்து விழும். ஒரே மருந்து, இரண்டு வேலை. பயப்பட வேண்டாம், முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது காப்புரிமை முடிந்து எல்லாக் கம்பெனியும் தயாரிப்பதால் விலை பெரிய பாரமில்லை. ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி விலை நிறையவே மாறும். மக்கள் மருந்தகத்திலும் (ஜன் ஔஷதி), தமிழக அரசு 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். எங்கே வாங்கினாலும் கடைசி அட்டையைப் பிரிக்கிற அன்றே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் மாத்திரை தீர்ந்துபோய்த் தவிப்பவர்கள் உண்டு.

எப்போது போடுவது, மறந்தால் என்ன செய்வது

ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு இதைக் கட்டிவிடுங்கள். காலையில் பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் அதோடு சேர்த்துப் போடலாம். தைராய்டு மாத்திரையை மட்டும் வழக்கம்போல வெறும் வயிற்றில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டால் தூக்கம் கெடுகிறது என்று தோன்றினால் காலைக்கு மாற்றுங்கள், தலைசுற்றுகிறது என்றால் இரவுக்கு. நோன்பு வைப்பவர்கள் சஹர் நேரத்திலோ இஃப்தார் முடிந்தோ போட்டுக்கொள்ளலாம், ஒரு நாளைக்கு ஒன்றுதானே.

மறந்துவிட்டால், அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. லெட்ரோசோலும் அனஸ்ட்ரோசோலும் உடம்பில் மெதுவாகத்தான் குறையும், பாதியாகக் குறையவே சுமார் இரண்டு நாள் ஆகும். ஒருநாள் மறந்தால் குடி முழுகிவிடாது. வாரத்துக்கு இரண்டு நாள் மறப்பது என்று ஆகிவிட்டால்தான் யோசிக்க வேண்டும். கிழமை எழுதிய மாத்திரை டப்பா வாங்கி வையுங்கள். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

தொடங்கும்போதே எலும்பைப் பார்த்துவிடுங்கள்

எலும்பைக் காப்பதில் ஈஸ்ட்ரோஜெனுக்குப் பெரிய பங்கு உண்டு. இருக்கிற கொஞ்சத்தையும் இந்த மாத்திரை துடைத்து எடுத்துவிடுவதால் எலும்பு வேகமாகத் தேயும். தேயும்போது வலிக்காது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறியும்போதுதான் தெரியும். அதனால் மாத்திரை தொடங்குகிற சமயத்திலேயே எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். மல்லாந்து படுத்திருந்தால் போதும், ஊசி கிடையாது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். ரிப்போர்ட்டில் டி ஸ்கோர் என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 1க்கு மேல் என்றால் சரி. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவில் என்றால் எலும்பு மெலியத் தொடங்கிவிட்டது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுத்து ஒப்பிடுவார்கள். முடிந்தவரை அதே சென்டரில், அதே மெஷினில் எடுங்கள். மெஷின் மாறினால் எண் மாறும், தேய்ந்ததா இல்லையா என்று சொல்வது கஷ்டம். டாக்டர் எழுதவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். கூட்டம் அதிகமுள்ள இடங்களில் இது விட்டுப்போய்விடும்.

சுண்ணாம்புச் சத்து, உணவும் மாத்திரையும் சேர்த்து, ஒரு நாளைக்குச் சுமார் 1,200 எம்ஜி போதும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 எம்ஜி இருக்கிறது, ஒரு தம்ளர் பாலில் 240 போல. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் கணக்கில் சேரும். மீதிக்குத்தான் மாத்திரை. கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். வைட்டமின் டிக்கு 60,000 யூனிட் பாக்கெட் ஒன்று எழுதுவார்கள். அது வாரத்துக்கு ஒன்று, அதுவும் டாக்டர் சொன்ன வாரங்களுக்கு மட்டும். தினமும் ஒன்று என்று நினைத்துக் கலக்கிக் குடித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்பவர்கள் உண்டு.

டி ஸ்கோர் மோசமாக இருந்தால், சில சமயம் மோசமாக இல்லாவிட்டாலும், சோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றுவார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பில் நோய் திரும்ப வரும் வாய்ப்பையும் அது குறைக்கிறது. முதல் தடவை ஏற்றியபின் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், உடம்புவலி இருக்கலாம். அதற்கு முன்னால் கட்டாயம் பல் டாக்டரைப் பாருங்கள். எடுக்க வேண்டிய பல் இருந்தால் முதலிலேயே எடுத்துவிட வேண்டும். மருந்து ஏற்றியபின் பல் பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு.

மூட்டு: இதுதான் பெரிய விஷயம்

மாத்திரை தொடங்கிய சில வாரத்திலோ இரண்டு மூன்று மாதத்திலோ இது வரும். எல்லோருக்கும் வராது, ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் அளவில் வரும். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கும். பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலை அழுத்த முடியாது. கட்டிலிலிருந்து இறங்கி முதல் பத்தடி, தொண்ணூறு வயதுப் பாட்டி நடை. நடக்க நடக்கச் சரியாகிவிடும். கல்யாண வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே கதை. சிலருக்கு ஒரு விரல் மடங்கி மாட்டிக்கொண்டு "டக்" என்று நிமிரும், சிலருக்கு இரவில் உள்ளங்கை மரத்துப்போகும். இரண்டுமே இந்த மாத்திரையோடு சம்பந்தப்பட்டவை.

அக்கம்பக்கத்தில் வாதம் என்பார்கள், சிக்குன்குனியா மிச்சம் என்பார்கள். டாக்டரிடம் "கை கால் வலிக்குது" என்று மட்டும் சொன்னால் அவரும் "வயசாகுதில்ல" என்று சொல்லி அனுப்பக்கூடும். எனக்கும் அப்படித்தான் ஆனது. அதனால் இப்படிச் சொல்லுங்கள்: மாத்திரை தொடங்கி எத்தனை வாரத்தில் வந்தது, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. "தோசை மாவுப் பாத்திரத்தை ஒரு கையில் தூக்க முடியவில்லை" என்பது "ரொம்ப வலி" என்பதைவிட அவருக்கு நன்றாகப் புரியும். "மாத்திரையை நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்ற எண்ணம் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டால் எந்த டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார்.

என்ன செய்யலாம்? முதல் மருந்து நடை. வலிக்கும்போது நடக்கச் சொல்வது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் நிரூபிக்கப்பட்டது அதுதான். இந்த மாத்திரையால் மூட்டுவலி வந்த பெண்களை வைத்து அமெரிக்காவில் ஹோப் என்ற ஆய்வு நடத்தினார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சி, கூடவே வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. ஒரு வருடத்தில் மிக மோசமான வலியின் அளவு சுமார் 30 சதவீதம் குறைந்தது. நமக்கு ஜிம் வேண்டாம். தெருவிலோ மொட்டை மாடியிலோ அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். எடைக்கு, கைக்கு ஒன்றாக அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவதும் எலும்புக்கும் தொடைக்கும் நல்ல பயிற்சி. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்கும் பழக்கம் இருந்தால் பிசியோதெரபிஸ்டைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டுங்கள்.

காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை முக்கி விரலை மடக்கி நீட்டினால் விறைப்பு சீக்கிரம் விடும். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பதிலும் தவறில்லை. உடல் எடை கூடியிருந்தால் குறைப்பது முழங்காலுக்கு உதவும். மாத்திரை என்று பார்த்தால் முதலில் பாராசிட்டமால். டைக்ளோஃபினாக் மாதிரியானவற்றைக் கடையில் கேட்டு வாங்கித் தினமும் போடாதீர்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் கெடும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதைச் சரி செய்ய வேண்டும். இதெல்லாம் போதவில்லையென்றால் டுலாக்செட்டின் என்ற மாத்திரையைச் சிலருக்கு எழுதுவார்கள். அது மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து. சீட்டைப் பார்த்துவிட்டு "எனக்கென்ன பைத்தியமா" என்று கோபப்பட வேண்டாம், இங்கே அதை வலிக்காக எழுதியிருக்கிறார்கள். ஊசிக்குத்து வைத்தியமான அக்குபஞ்சரும் ஆய்வுகளில் ஓரளவு பலன் காட்டியிருக்கிறது.

அப்படியும் முடியவில்லையா? டாக்டர் சில வாரம் மாத்திரையை நிறுத்தச் சொல்லிப் பார்ப்பார். வலி குறைந்தால் காரணம் மாத்திரைதான் என்று உறுதியாகும். பிறகு இந்த மூன்றில் வேறு ஒன்றைத் தொடங்குவார். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் கணிசமானோருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. ஏன் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது, ஆனால் நடக்கிறது. அதுவும் சரிப்படவில்லையென்றால் டமாக்சிஃபென் இருக்கிறது. அது எலும்பைத் தேய்க்காது, மூட்டுவலியும் குறைவு. பதிலுக்கு, காலில் ரத்தம் உறைவது, கர்ப்பப்பை உள்சுவர் தடிப்பது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். ஆக, சகித்துக்கொள்வது அல்லது விட்டுவிடுவது என்ற இரண்டே வழிதான் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

சூடு, வறட்சி, வேறு சில

குப்பென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஒரு அனல் ஏறும், வியர்த்து ஊற்றும், அப்புறம் குளிரும். சித்திரை மாதத்தில் வெயிலா மாத்திரையா என்றே தெரியாது. பருத்திப் புடவை, படுக்கைக்குப் பக்கத்தில் ஃபேன், காபியையும் காரத்தையும் கொஞ்சம் குறைப்பது, இவை போதும் பலருக்கு. தூக்கமே கெட்டுப்போகிறது என்றால் அதற்கும் ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு, கேளுங்கள்.

யாரிடமும் சொல்லாத தொந்தரவு ஒன்று உண்டு. பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு. இந்த மாத்திரையில் இது டமாக்சிஃபென்னைவிட அதிகம். தண்ணீர் கலந்த ஜெல் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், வறட்சிக்கென்றே வாரத்தில் இரண்டு மூன்று முறை வைக்கிற கிரீமும் இருக்கிறது. தேங்காய் எண்ணெயும் பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. மகப்பேறு டாக்டரிடம் போனால் ஈஸ்ட்ரோஜென் கிரீம் எழுதக்கூடும். "நான் லெட்ரோசோல் போடுகிறேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

வகிட்டில் முடி மெலியும், கீமோ மாதிரி கொட்டிவிடாது. கொலஸ்ட்ரால் ஏறலாம், வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மனசு காரணமில்லாமல் சோர்ந்து கிடந்தால் அதுவும் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

இதோடு எதைச் சேர்க்கக் கூடாது

மாதவிடாய் நின்றவர்களுக்கு "பெண்மைக்கு நல்லது" என்று விற்கும் லேகியம், பொடி, கேப்சூல் எதையும் கேட்காமல் சாப்பிடாதீர்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு, சோயாவிலிருந்து பிரித்தெடுத்த ஐசோஃபிளேவோன் போன்றவை ஈஸ்ட்ரோஜென் மாதிரி வேலை செய்யலாம் என்ற சந்தேகம் உண்டு. குழம்பில் போடுகிற சோயா உருண்டையோ எள்ளுருண்டையோ பிரச்சினை இல்லை. சாப்பாட்டில் சேரும் அளவு வேறு, மாத்திரையாக அடைத்து வைத்த அளவு வேறு. எக்ஸமெஸ்டேன் போடுகிறவர்கள் வலிப்புக்கு ஃபெனிட்டாயினோ காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். சித்த மருந்து எடுக்கிறீர்களென்றால் அதன் பெயரையும் ஃபைலில் எழுதி வையுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது

மாத்திரை வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், காலையில் அதிகமாக இருந்து நடக்க நடக்கக் குறையும். ஒரே இடத்தில், முதுகிலோ இடுப்பிலோ, நாளுக்கு நாள் கூடுகிற, படுத்தாலும் விடாத, இரவில் எழுப்புகிற வலி என்றால் அது வேறு. அதை அடுத்த செக்கப் வரை வைத்திருக்காதீர்கள். விடாத இருமல், மூச்சிரைப்பு, மஞ்சள் காமாலை, புதிதாக வந்த கடுமையான தலைவலி, அக்குளிலோ மார்பிலோ கட்டி, ரத்தப்போக்கு எல்லாமே இந்தக் கணக்கில்தான். நெஞ்சுவலி வந்தாலோ கால் மரத்து நடக்க முடியாமல் போனாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மற்றபடி வருடத்துக்கு ஒரு மேமோகிராம், முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதனை, பிறகு இடைவெளி கூடும்.

ஐந்து வருடம் முடியும்போது

இந்த வகைப் புற்றுநோய் ஐந்து வருடம் கழித்தும் திரும்ப வரலாம், 15, 20 வருடம் கழித்தும் வந்ததுண்டு. அதனால் சிலருக்கு மாத்திரையை நீட்டுவார்கள். எல்லோருக்கும் பத்து வருடம் என்று இல்லை. ஆஸ்திரியாவில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. ஐந்து வருட ஹார்மோன் சிகிச்சை முடித்தவர்களுக்கு அனஸ்ட்ரோசோலை மேலும் இரண்டு வருடமும், மேலும் ஐந்து வருடமும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை, அதிக வருடம் போட்டவர்களுக்கு எலும்பு முறிவுதான் கூடியது. நெறிக்கட்டியில் பரவியிருந்ததா, கட்டி எவ்வளவு பெரியது, எலும்பு எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பார்கள். நோய் ஏற்கெனவே வேறு உறுப்புக்குப் பரவியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு மாத்திரை கேட்கும் வரை தொடரும், பெரும்பாலும் கூடவே வேறு மருந்தும் இருக்கும்.

அந்தச் செக்கப்புக்குப் போகும்போது முதல் பயாப்ஸி ரிப்போர்ட், எல்லா டெக்ஸா ரிப்போர்ட், நடுவில் மாத்திரை மாற்றிய தேதி மூன்றும் கையில் இருக்கட்டும். எலும்புக்கு டெனோசுமாப் ஊசி போட்டுக்கொண்டிருந்தால், ஹார்மோன் மாத்திரை முடிந்ததோடு அதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் திடீரென்று விட்டால் முதுகெலும்பு முறிவு வரும் அபாயம் உண்டு. அடுத்து என்ன மருந்து என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகே அந்த ஊசியை விடுங்கள்.